நண்பகலில் விளையாட்டுத் திடலா?

காலை 11 மணி. அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழேயுள்ள விளையாட்டுத் திடல் வெறிச்சோடிக் கிடக்கிறது. பெரிய பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றுவிட்டனர். பெரியவர்கள் வேலைக்குச் சென்றுவிட்டனர். அந்த நேரத்தில் அங்கே யாரேனும் தென்பட்டால், அவர் பெரும்பாலும் ஓர் இல்லப் பணிப்பெண்ணாகத்தான் இருப்பார். அவர் தள்ளிவரும் வண்டியில் இரண்டு வயதுக் குழந்தை அமர்ந்திருக்கும். "நாள் முழுவதும் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டாம், கொஞ்ச நேரம் கீழே விளையாடட்டும்" என்று குழந்தையின் தாயார் சொல்லியிருப்பார். "இந்த வெயிலில் பிள்ளையை வெளியே தூக்கிக்கொண்டு போகாதே" என்று பாட்டி சொல்லியிருப்பார். இரண்டு பேச்சுக்கும் நடுவில் நிற்பவர் அந்தப் பணிப்பெண்.

வெப்பமான நாளில் குழந்தையை வெளியே அழைத்துச் செல்லலாமா, கூடாதா? இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற முடியாது. எந்த நேரம், எந்த இடம், எவ்வளவு நேரம் என்பவற்றைப் பொறுத்தே விடை அமைகிறது. இவற்றோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும். 'போதும், வீட்டுக்குத் திரும்பலாம்' என்று முடிவெடுக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது? பலரும் கேட்க மறக்கும் கேள்வி இதுதான்.

முதலில் நம் ஊர் வெப்பத்தைப் புரிந்துகொள்வோம். நான்கு பருவங்கள் உள்ள நாடுகளில் கோடை சில மாதங்களில் முடிந்துவிடும். சிங்கப்பூரில் அப்படி இல்லை. ஆண்டின் பெரும்பாலான நாள்களில் பகல்நேர உச்ச வெப்பநிலை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் அது மேலும் கூடும். 2023ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பு, 1983ஆம் ஆண்டு ஏப்ரலில், தெங்காவில் பதிவான உச்சத்தை அது எட்டிப் பிடித்தது.

ஆனால், வெப்பமானியில் தெரியும் எண் முழுக் கதையையும் சொல்வதில்லை. பாலைவன நாடுகளில் 40 டிகிரி சர்வ சாதாரணம் என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அங்கே காற்று வறண்டிருப்பதால் வியர்வை உடனே ஆவியாகிவிடும். ஆவியாகும்போது உடலின் வெப்பத்தையும் எடுத்துச் செல்லும். நம் காற்றிலோ ஏற்கெனவே நீராவி மிகுதியாக இருக்கிறது. ஆகவே, வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சட்டை நனைகிறது, உடல் குளிர்வதில்லை.

இதனால்தான் வெப்ப அழுத்தத்தை அளக்க ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலை என்னும் அளவைப் பயன்படுத்துகிறார்கள். பெயர் கடினமாக இருந்தாலும் கணக்கு எளிது. மூன்று வெப்பமானிகளின் அளவுகளைச் சேர்த்து இது கணக்கிடப்படுகிறது. ஒன்றின் குமிழ் ஈரத்துணியால் சுற்றப்பட்டிருக்கும். அது காற்றின் ஈரப்பதத்தையும் வீசும் காற்றையும் உணர்த்துகிறது. இரண்டாவது, கறுப்புக் கோளத்துக்குள் இருக்கும். அது வெயிலின் கடுமையைக் காட்டுகிறது. மூன்றாவது சாதாரண வெப்பமானி. திறந்தவெளியில் கணக்கிடும்போது முதலாவதற்கு 70 விழுக்காடும், இரண்டாவதற்கு 20 விழுக்காடும், மூன்றாவதற்கு வெறும் 10 விழுக்காடும் மதிப்புத் தரப்படுகின்றன. நாம் வழக்கமாகக் கேட்கும் காற்றின் வெப்பநிலைக்கு இந்தக் கணக்கில் பத்தில் ஒரு பங்குதான் இடம் என்பதைக் கவனியுங்கள்.

சிங்கப்பூரில் 2023 ஜூலை முதல் வெப்ப அழுத்த ஆலோசனைக் குறிப்பு பொதுமக்களுக்கு வழங்கப்படுகிறது. இந்த அளவு 31 டிகிரிக்குக் கீழே இருந்தால் வெப்ப அழுத்தம் குறைவு. 31 முதல் 33க்குள் இருந்தால் மிதமானது. 33 அல்லது அதற்கு மேல் சென்றால் அதிகம். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் 'மைஎன்வி' செயலியில் அந்தந்த வட்டாரத்தின் நிலவரத்தைக் காணலாம். மலேசியாவில் இதற்கு வேறு முறை உள்ளது. அங்கே ஒரு பகுதியின் அன்றாட உச்ச வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாள்களுக்கு 35 முதல் 37 டிகிரி வரை இருந்தால் முதல் நிலை எச்சரிக்கை விடுக்கப்படுகிறது.

இனி, குழந்தையின் உடலுக்கு வருவோம். சூடான தேநீரை ஒரு சிறிய குவளையிலும் ஒரு பெரிய பானையிலும் ஊற்றி வையுங்கள். குவளைத் தேநீர் விரைவில் ஆறிவிடும். அதே குவளையில் குளிர்ந்த நீரை ஊற்றி வெயிலில் வைத்தால், பானை நீரை விட விரைவில் சூடேறிவிடும். சிறிய பொருளுக்கு அதன் எடையோடு ஒப்பிடுகையில் மேற்பரப்பு அதிகம். குழந்தையின் உடலும் அப்படித்தான். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு, ஒவ்வொரு கிலோவுக்கும் உள்ள தோலின் பரப்பு பெரியவருக்கு இருப்பதைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மர நிழலில், மெல்லிய காற்று வீசும்போது இது குழந்தைக்கு நன்மையே. உடல் விரைவாகக் குளிரும். நேர் வெயிலில் இதுவே தீமையாகிறது. அத்தனை பரப்பும் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. ஆக, ஒரே குழந்தை, ஒரே நேரத்தில், பத்தடி தள்ளி நிழலில் நின்றால் நலமாக இருக்கலாம். வெயிலில் நின்றால் துன்பப்படலாம்.

சிறு குழந்தைகளுக்குப் பெரியவர்களைப் போல வியர்ப்பதில்லை. ஓடும்போது அவர்களின் உடலில், எடைக்கு ஏற்பப் பார்த்தால், நம்மைவிட அதிக வெப்பம் உண்டாகிறது. மேலும், குழந்தை தரைக்கு அருகில் இருக்கிறது. சூடேறிய சிமெண்டுத் தரையிலிருந்து எழும் அனல் பெரியவரின் முழங்காலைத் தொடும் இடத்தில் குழந்தையின் முகம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தாகமாக இருக்கிறது என்று சொல்லவோ, நிழலுக்குப் போகலாம் என்று கேட்கவோ அதற்குத் தெரியாது. விளையாட்டில் மூழ்கிவிட்டால் தாகத்தையே மறந்துவிடும்.

இதையெல்லாம் படித்ததும், பாட்டி சொன்னதே சரி, கதவைச் சாத்திக் குளிர்சாதனத்தைப் போட்டுவிடலாம் என்று தோன்றும். அதுவும் தீர்வாகாது. ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடமாவது உடலசைவோடு இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை நேரமே வேண்டாம் என்றும், இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் கூடாது என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. வீட்டுக்குள் அடைபட்ட குழந்தையை அமைதிப்படுத்தப் பெரும்பாலும் கைப்பேசிதான் நீட்டப்படுகிறது என்பது நாம் அறிந்ததே.

கண்களையும் மறக்கக்கூடாது. கிட்டப்பார்வை மிகுந்த நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. உங்கள் வகுப்பில் கண்ணாடி அணிந்தவர்களை எண்ணிப் பார்த்தாலே இது விளங்கும். பகல் வெளிச்சத்தில் நேரம் செலவிடும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நாள்தோறும் சுமார் இரண்டு மணி நேரம் வெளியில் இருப்பது நல்லது என்று கண் மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். இதற்காகக் குழந்தை வெயிலில் காய வேண்டியதில்லை. மர நிழலில் கிடைக்கும் வெளிச்சமே வீட்டுக்குள் எரியும் விளக்கின் வெளிச்சத்தைவிடப் பல மடங்கு அதிகம்.

அப்படியானால், எப்போது போவது? சிங்கப்பூரிலும் தீபகற்ப மலேசியாவிலும் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணிக்கு அன்று. ஏறத்தாழ 1 மணிக்கு. நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. எனவே, 'மணி மூன்றாகிவிட்டது, வெயில் தாழ்ந்திருக்கும்' என்று நினைப்பது தவறு. கடிகாரத்தைப் பார்ப்பதைவிடத் தரையைப் பார்ப்பது எளிது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமையானது. நம் நாட்டில் ஏறத்தாழ காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை நிழல் குட்டையாகத்தான் இருக்கும். காலை ஒன்பதரைக்கு முன்பும் மாலை ஐந்து மணிக்குப் பின்பும் குழந்தையை வெளியே கொண்டு செல்ல ஏற்ற நேரங்கள். (அந்த நேரங்களில்தான் ஏடிஸ் கொசுவும் சுறுசுறுப்பாக இருக்கும். வெயிலிலிருந்து தப்பிக் கொசுவிடம் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, குழந்தையின் வயதுக்கு ஏற்ற கொசு விரட்டியைப் பூசிவிட வேண்டும்.)

மாலை நேரமாயினும் திடலில் இறக்கிவிடுமுன் ஒரு சோதனை தேவை. சறுக்கு மரம், ஊஞ்சல் இருக்கை, ரப்பர் தரை ஆகியவை பகலெல்லாம் வெயிலை உறிஞ்சி வைத்திருக்கும். புறங்கையை அவற்றின்மீது ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். நம்மால் வைத்திருக்க முடியவில்லை என்றால், குழந்தையின் மெல்லிய தொடைக்கும் பாதத்துக்கும் அது தகாது. உலோகச் சறுக்கு மட்டும்தான் சுடும் என்று எண்ண வேண்டாம். கறுப்பு ரப்பர் தரையும் தோலைக் கொப்புளிக்க வைக்கும் அளவுக்குச் சூடேறும்.

அன்போடு செய்யப்படும் ஒரு செயலே ஆபத்தாக முடிவதும் உண்டு. வெயில் படக்கூடாது என்று தள்ளுவண்டியின் மேல் ஒரு மெல்லிய துணியைப் போர்த்திவிடுவார்கள். பார்ப்பதற்கு நிழலாகத்தான் தெரியும். ஆனால், அந்தத் துணி காற்றோட்டத்தைத் தடுத்துவிடுகிறது. குழந்தையின் உடலிலிருந்து வெளிவரும் வெப்பமும் வியர்வையின் ஈரமும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. துணியும் வெயிலில் சூடேறி உள்ளே வெப்பத்தை விடுகிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். உலர்ந்த துணியால் மூடிய வண்டிக்குள் வெப்பநிலை உயர்ந்தது. துணியை நனைத்துப் போர்த்தி, சிறிய மின்விசிறியையும் பொருத்தியபோது வெப்பநிலை குறைந்தது. ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் சென்றதே காரணம். ஈரப்பதம் மிகுந்த நம் ஊரில் துணி அவ்வளவு விரைவாக உலராது. அதே பயனை இங்கே எதிர்பார்க்க முடியாது. வண்டியோடு வரும் கூரையை விரித்து, பக்கங்களைத் திறந்து வைத்து, நிழலான நடைபாதையில் தள்ளிச் செல்வதே நல்லது. குழந்தையின் முகம் எப்போதும் கண்ணில் பட வேண்டும்.

மூடிய கார் இதைவிடப் பல மடங்கு கொடியது. வெயிலில் நிறுத்திய காருக்குள் 20 நிமிடத்திலேயே வெப்பநிலை 10 டிகிரிக்கு மேல் உயர்ந்துவிடும். சன்னலைச் சற்றே இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் ஏற்படாது. "ஒரு நிமிடம், பால் டப்பா மட்டும் வாங்கி வருகிறேன்" என்று குழந்தையைக் காரில் விட்டுச் செல்லவே கூடாது.

உடைக்கும் நீருக்கும் அதிக விளக்கம் தேவையில்லை. தளர்வான, வெளிர்நிறப் பருத்தி உடை. அகன்ற விளிம்புள்ள தொப்பி. தாகம் எடுக்கும் வரை காத்திராமல் சிறிது சிறிதாக நீர். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது. பாலையே அடிக்கடி கொடுக்க வேண்டும். அந்த வயதுக் குழந்தையை நேர் வெயிலில் கொண்டு செல்லாமல் இருப்பதே முறை.

ஆபத்தின் அறிகுறிகளை அறிந்திருப்பது அதைவிட முக்கியம். கழுத்திலும் முதுகிலும் வியர்க்குரு வந்தால் குழந்தை அரிப்பால் சிணுங்கும். குளிப்பாட்டி உலர்த்திவிட்டால் பெரும்பாலும் சரியாகும். ஆனால், வழக்கத்துக்கு மாறான எரிச்சல், சோர்வு, கண்ணீர் வராத அழுகை, உலர்ந்த வாய், நெடுநேரம் நனையாத அணையாடை ஆகியவை உடலில் நீர் குறைந்துவிட்டதைக் காட்டுகின்றன. ஓடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று அமைதியாக உட்கார்ந்துவிட்டால், களைத்துவிட்டது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். அருகில் சென்று தொட்டுப் பாருங்கள்.

உடல் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டி, குழந்தை மயங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காவிட்டாலோ, அது உயிருக்கே ஆபத்தான வெப்பத்தாக்கமாக இருக்கலாம். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை கைகட்டி நிற்கக்கூடாது. குழந்தையை நிழலுக்குத் தூக்கிச் சென்று, உடையைக் கழற்றி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். மயக்கத்தில் இருக்கும் குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. காய்ச்சல் மருந்தும் இதற்குப் பயன்படாது. காய்ச்சலில் உடல் தானே வெப்பத்தைக் கூட்டுகிறது. இங்கே வெளி வெப்பம் உடலை வென்றுவிட்டது.

இந்த அறிகுறிகளை முதலில் காணப்போகிறவர் யார்? அலுவலகத்தில் இருக்கும் தாயார் அல்லர். திடலில் குழந்தையோடு நிற்கும் பணிப்பெண். சிங்கப்பூரில் 250,000க்கும் மேற்பட்ட இல்லப் பணிப்பெண்கள் வேலை செய்கிறார்கள். இந்தோனீசியா, பிலிப்பீன்ஸ், மியன்மார், இந்தியா, இலங்கை போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள். 'தினமும் 11 மணிக்குக் குழந்தையைக் கீழே அழைத்துச் செல்ல வேண்டும்' என்பது அட்டவணையில் இருந்தால், அன்று அனல் பறந்தாலும் அவர் அழைத்துச் செல்வார். சொன்ன வேலையைச் செய்யவில்லை என்ற பெயர் வந்துவிடுமோ என்ற அச்சம் அவருக்கு இருக்கும். ஊரிலிருந்து வந்து ஒரு மாதமே ஆகியிருந்தால், "மேடம், இன்று வேண்டாம்" என்று சொல்ல மொழியும் வராது, துணிவும் வராது. இதை அவருடைய குறையாகப் பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. கண் ஒருவரிடமும் அதிகாரம் வேறொருவரிடமும் இருப்பதுதான் சிக்கல்.

ஆகவே, முடிவெடுக்கும் உரிமையைக் குழந்தையின் அருகில் இருப்பவருக்கே கொடுத்துவிட வேண்டும். வாய்ச்சொல்லாக மட்டும் கொடுத்தால் போதாது. "பார்த்து நடந்துகொள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் எதைப் பார்ப்பது என்று அவருக்கு எப்படித் தெரியும்? மைஎன்வி செயலியை அவருடைய கைப்பேசியில் இறக்கித் தரலாம். 31க்குக் கீழே என்றால் நிழலில் அரை மணி நேரம். 31ஐத் தாண்டினால் புளோக்கின் கீழ்த்தளத்தில் மட்டும். 33 என்றால் வெளியே போக வேண்டியதில்லை, யாரையும் கேட்கவும் வேண்டியதில்லை என்று வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளலாம். இவற்றை அவருடைய தாய்மொழியில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வைக்கலாம். இந்த வேலைக்கு உங்களைப் போன்ற மாணவர்கள் மிகவும் பொருத்தமானவர்கள். வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால், பள்ளி விட்டு வந்ததும் "அக்கா, இன்று செயலி என்ன காட்டியது?" என்று பணிப்பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள்.

வெளியே போக முடியாத நாளில் செய்வதற்கும் வழிகள் உண்டு. கீழ்த்தளத்தில் பந்து உருட்டலாம். குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரும் இரண்டு குவளைகளும் போதும். அருகில் ஒருவர் இருந்தால் இரண்டு வயதுக் குழந்தை அரை மணி நேரம் ஊற்றி ஊற்றி விளையாடும். வட்டார நூலகத்தில் குளிர்ச்சியும் இருக்கும், படப் புத்தகங்களும் இருக்கும்; போகும் வழி நிழல் நடைபாதையாக இருந்தால் அங்கும் செல்லலாம்.

வெளியே கிளம்பும் நாளில் பையில் அணையாடை, மாற்றுடை, தொப்பி, குழந்தையின் தண்ணீர்ப் புட்டி எல்லாம் தவறாமல் இருக்கும். பெரும்பாலும் இல்லாமல் போவது பணிப்பெண்ணுக்கான தண்ணீர். 12 கிலோ குழந்தையை இடுப்பில் தூக்கி, மறுகையால் வண்டியைத் தள்ளி நடப்பவரின் உடல் அங்கே எல்லாரையும்விட அதிகமாக உழைக்கிறது. அவருக்குத் தலைசுற்றி விழுந்தால் குழந்தையைப் பிடித்துக்கொள்ள அந்த வெறிச்சோடிய திடலில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். இன்னொரு தண்ணீர்ப் புட்டிக்கும் இன்னொரு தொப்பிக்கும் அந்தப் பையில் இடம் இருக்கிறது.